இரைச்சல் பெட்டியை இசைப் பெட்டியாக்குவோம்

“வீணை கோணினாலும் நாதம் கோணுமா?” என்று கேட்பது எம்மவர் பழமொழி. மின்கிற்றார் விடயத்தில் இப்பழமொழி தலைகீழாகிப் போவதுண்டு. கிற்றார் நேராகவே இருக்கின்றது. வாசிப்பவரின் விரலிலும் பழுதில்லை. ஆயினும் ஒலிபெருக்கியிலிருந்து வெளிவரும் நாதம் கோணி, காதைக் குத்துகின்றது. பல வேளைகளில் இதற்குக் காரணம் கிற்றாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே நிலத்தில் கிடக்கும் ஒரு சிறிய தகரப் பெட்டிதான். காலால் மிதித்து இயக்கப்படும் இப்பெட்டியை எமது இளைஞர்கள் ‘ஃபஸ் பெடல்’ என்று அழைக்கின்றனர்.

இப்பெட்டியின் கடுமையைக் குறைத்து, ஒலியை மென்மையாக்க வழியுண்டா? உண்டு. அதற்குப் புதுப் பெட்டி வாங்கத் தேவையில்லை. உள்ளே இருக்கும் ஒரு கொள்ளளவியின் வேலையை விளங்கிக்கொண்டால் போதும். அதனைப் படிப்படியாக இங்கே பார்ப்போம்.

இது வெறும் பொழுதுபோக்கு விடயமல்ல

வீட்டையும் தோட்டத்தையும் விட்டு இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்குக் கிற்றாரின் சத்தம் ஒரு பெரிய பிரச்சினையா என்று சிலர் கேட்கலாம். நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஒற்றைப் பலகைச் சுவர். ஒரு பக்கம் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. மறுபக்கம் நோயாளியான பாட்டி. இவற்றுக்கிடையே ஓர் இளைஞன் பெடலை மிதித்தால் அரை மணித்தியாலத்தில் சண்டை மூளும். “அந்தச் சனியனை நிறுத்து!” என்ற ஒரே சொல்லோடு அவனுடைய பயிற்சியும் நின்றுபோகும்.

நமுனுகுல மலையைச் சூழ்ந்த தோட்டங்களிலும், பசறை, பதுளைப் பக்கங்களிலும் கலியாண வீடு, கோயில் திருவிழா, பாடசாலை விழா என்று ஊர் ஊராகச் சென்று வாசிக்கும் சிறு குழுக்கள் உள்ளன. மேடையேறும் நாட்களில் கிடைக்கும் சிறு தொகை, நிலமிழந்த குடும்பத்துக்கு ஒரு வார மரக்கறிச் செலவாகின்றது. சத்தம் கேட்டு முகம் சுளித்தவர்கள் அடுத்த முறை அக்குழுவை அழைப்பதில்லை.

இக்குழுக்களிடையே நாம் காணும் ஒரு வழமை உண்டு. “காது வலிக்கின்றது” என்று பெரியவர்கள் சொன்னதும், கிற்றார்காரர் பெடலின் தொனிக் குமிழை முழுவதும் கீழ்ப்பக்கம் திருப்பிவிடுகின்றார். குத்தல் போய்விடுகின்றது, ஆனால் கிற்றாரும் கூடவே போய்விடுகின்றது! தப்பு முழங்கி, பாட்டுக்காரர் குரலெடுத்ததும், கம்பளிக்குள் சுற்றி வைத்ததுபோல அது அமுங்கிவிடுகின்றது. மேலே திருப்பினால் குத்தல், கீழே திருப்பினால் அமுக்கம். நடுவில் வைத்தாலோ கிற்றார் அங்கே இல்லாதது போன்ற உணர்வு. இதற்கு வாசிப்பவர் பொறுப்பல்லர். பெட்டியின் அமைப்பே அப்படி.

பழுதிலிருந்து பிறந்த ஒலி

‘ஃபஸ்’ என்பது உண்மையில் ஒரு பழுதின் பிள்ளை. அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக் கூடமொன்றில் மார்ட்டி றொபின்ஸ் என்ற பாடகரின் பாடல் ஒலிப்பதிவாகிக் கொண்டிருந்தது. அவ்வேளை ஒலிக்கலவைக் கருவியின் ஒரு பகுதி பழுதடைந்தது. அதனூடாகச் சென்ற கிறேடி மார்ட்டினின் பேஸ் கிற்றார் ஒலி கரகரத்து, வண்டின் இரைச்சல்போல வெளிவந்தது. அதனை அழித்துவிடாமல் அப்படியே பாடலில் வைத்துக்கொண்டனர். பாடல் 1961 இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. மற்றவர்களும் அதே ஒலியைக் கேட்கத் தொடங்கினர். ஒலிப்பதிவுப் பொறியியலாளர் கிளென் ஸ்னொடி, பழுது செய்த வேலையைத் திரான்சிற்றர்களைக் கொண்டு செய்யும் ஒரு சுற்றை இன்னொருவருடன் சேர்ந்து அமைத்தார். அதுவே 1962 இல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 1965 இல் றோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் றிச்சர்ட்ஸ், ‘சற்றிஸ்பக்‌ஷன்’ பாடலில் அதனை வாசித்த பின்னர் உலகெங்கும் இப்பெட்டிக்கு மவுசு ஏறியது.

1966 இல் லண்டனிலிருந்து ‘ஃபஸ் ஃபேஸ்’ வந்தது. 1960களின் இறுதியில் நியூயோர்க்கின் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் ‘பிக் மஃப்’ என்ற பெட்டியை வெளியிட்டது. இன்று பல பெயர்களில் மலிவாகக் கிடைக்கும் ஃபஸ் பெட்டிகள் பல, இந்த பிக் மஃப் சுற்றின் பிரதிகளே. ஆகவே இதனை விளங்கிக்கொண்டால் பல பெட்டிகளை விளங்கிக்கொண்டவராவோம்.

எமது நாட்டிலும் அக்காலம் கிற்றாரின் காலமாகவே இருந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் தமிழ்ப் பொப்பிசைப் பாடல்கள் 1970களில் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. வெளிநாட்டுக் கருவிகள் கிடைப்பது அரிது. இருப்பதைத் திருத்திப் பாவிப்பதே அன்றைய வழி. 2022 இல் ரூபாயின் பெறுமதி சடுதியாக வீழ்ந்தபோது அந்த நிலைமையை இன்றைய தலைமுறையும் ஓரளவு அனுபவித்தது. திருத்தத் தெரிந்த கைக்கு எக்காலத்திலும் மதிப்புண்டு.

கவ்வாத்தும் சல்லடையும்

பெட்டிக்குள் இரண்டு வேலைகள் நடைபெறுகின்றன.

முதலாவது, வெட்டுதல். கிற்றார்த் தந்தியின் அதிர்வு மின் அலையாகப் பெட்டிக்குள் வருகின்றது. அந்த அலையின் முகடுகள் உருண்டையானவை. பெட்டி அவ்வலையைப் பன்மடங்கு பெருக்கி, உயர்ந்த முகடுகளை மட்டமாக வெட்டிவிடுகின்றது. கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாச் செடிகளும் ஒரே மட்டத்தில் தெரியுமல்லவா? அதுபோலத்தான். கவ்வாத்துக்குப் பின்னர் புதுக் கொழுந்துகள் பல வெடிப்பதுபோல, வெட்டப்பட்ட அலையிலிருந்தும் முன்னர் இல்லாத பல மேல்தொனிகள் பிறக்கின்றன. ‘ஃபஸ்’ ஒலியின் கரகரப்பு இதுவே. இது வேண்டியதுதான், இதற்காகத்தானே பெட்டியை வாங்குகின்றோம்!

இரண்டாவது, சலித்தல். வெட்டிய பின்னர் சமிக்ஞை தொனிச் சுற்றுக்குள் நுழைகின்றது. எமது பிரச்சினை இங்கேதான் உள்ளது.

தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கும் பகுதியை நினைத்துக்கொள்வோம். ஒரு சல்லடை பெரிய இலையை மட்டும் ஒரு பெட்டிக்கு அனுப்புகின்றது. இன்னொன்று தூளை மட்டும் வேறொரு பெட்டிக்கு அனுப்புகின்றது. சல்லடைக் கண்களைத் தவறாக அமைத்துவிட்டால் நடுத்தரத் தேயிலை இரண்டு பெட்டியிலும் சேராமல் கீழே கொட்டுண்டு போகும். பின்னர் இரண்டு பெட்டிகளையும் எப்படிக் கலந்தாலும் நடுத்தரம் திரும்ப வராது.

பிக் மஃப் சுற்றிலும் இதேதான் நடக்கின்றது. மூன்றாவது திரான்சிற்றரிலிருந்து வரும் சமிக்ஞை இரண்டாகப் பிரிகின்றது. பழைய மாதிரிகள் பலவற்றில் ஒரு பாதையில் 39 கிலோ ஓம் தடையியும், அதனை அடுத்துப் புவித்தொடுப்புக்குச் செல்லும் 10 நானோஃபரட் கொள்ளளவியும் உண்டு. விரைவாக அதிரும் சமிக்ஞைகளைக் கொள்ளளவி இலகுவாகக் கடந்துசெல்ல விடும். எனவே மேல்தொனிகள் அதனூடாகப் புவிக்கு வடிந்துவிட, ஏறத்தாழ 400 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள கீழ்த்தொனியே பெரும்பாலும் மிஞ்சுகின்றது.

மற்றப் பாதையில் 3.9 நானோஃபரட் கொள்ளளவி சமிக்ஞையின் குறுக்கே நிற்கின்றது. அதனை அடுத்து 22 கிலோ ஓம் தடையி புவித்தொடுப்புக்குச் செல்கின்றது. இங்கே ஏறத்தாழ 1850 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட மேல்தொனியே தாராளமாகச் செல்லும். தொனிக் குமிழ் இவ்விரு பாதைகளுக்கும் நடுவே நின்று, எதில் எவ்வளவு என்று கலக்கின்றது.

அப்படியாயின் 400 க்கும் 1850 க்கும் இடைப்பட்ட நடுத்தொனி எங்கே? கொட்டுண்டு போகின்றது. குமிழை நடுவில் வைத்தால் 900 ஹேர்ட்ஸ் அளவில் ஒரு பள்ளம் விழுகின்றது. கணக்குப் போட்டுப் பார்த்தால், இரு பக்கத்துத் தொனிகளின் வலுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அவ்விடத்தில் மிஞ்சுகின்றது.

இந்த நடுத்தொனியில்தான் பேச்சின் உயிரும் உண்டு. பழைய தொலைபேசிக் கம்பி 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரை மட்டுமே சுமந்தது. ஆயினும் பேசுபவர் யாரென்று எம்மால் அடையாளம் காண முடிந்தது. அந்த எல்லைக்குள்ளேயே பிக் மஃப்பின் பள்ளம் விழுகின்றது. ஆகவே மேலே வண்டிரைச்சலும் கீழே உறுமலும் மட்டுமே காதில் விழுகின்றன. கிற்றாரின் ‘குரல்’ காணாமற் போகின்றது.

இங்கேதான் எமது கட்டுரையின் சாரம் உள்ளது. குத்தும் ஒலியை மென்மையாக்க மேல்தொனியை வெட்டுவது சரியான மருந்தல்ல. இழந்த நடுத்தொனியைத் திரும்பக் கொடுப்பதே மருந்து. நடு நிரம்பியதும் மேல்தொனி தனியே துருத்திக்கொண்டு நிற்காது. அதற்கு ஓர் உடம்பு கிடைத்துவிடுகின்றது.

செய்யவேண்டியது என்ன?

இரண்டாவது பாதையிலுள்ள 3.9 நானோஃபரட் கொள்ளளவியின் அளவைக் கூட்ட வேண்டும். அப்போது அப்பாதை இன்னும் கீழே இறங்கி நடுத்தொனியையும் ஏற்றுக்கொள்ளும். இரு பாதைகளின் எல்லைகளும் நெருங்க நெருங்கப் பள்ளம் நிரம்பும்.

இதற்குப் பழைய கொள்ளளவியைக் கழற்றவும் தேவையில்லை. இரண்டு கொள்ளளவிகளைச் சமாந்தரமாக இணைத்தால் அவற்றின் அளவுகள் கூடும். 3.9 உடன் 6.8 நானோஃபரட்டை இணைத்தால் 10.7 ஆகும். எல்லை 1850 இலிருந்து ஏறத்தாழ 680 ஹேர்ட்ஸுக்கு இறங்கும். முன்னர் மூன்றில் ஒரு பங்காக இருந்த நடுத்தொனி, இப்போது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்காக உயரும். மாற்றம் சற்றுக் குறைவாகப் போதுமென்றால் 6.8 க்குப் பதிலாக 4.7 நானோஃபரட்டைப் பாவிக்கலாம். இச்சிறு பொருளின் விலை ஒரு பிளேன்டியின் விலைக்குள் அடங்கும்.

படிமுறைகளை ஒழுங்காகப் பார்ப்போம்.

1. பற்றரியைக் கழற்றுங்கள். மின் இணைப்பு இருந்தால் அதனையும் அகற்றுங்கள். பின்னரே மூடியைத் திறவுங்கள்.

2. உள்ளே நான்கு திரான்சிற்றர்கள் உள்ளனவா என்று பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் பிக் மஃப் வகைதான். பாகங்கள் கடுகளவில் பலகையின் மேல் ஒட்டப்பட்டிருந்தால் இவ்வேலையில் இறங்காதீர்கள். அதற்கு வேறு கருவியும் கைப்பழக்கமும் வேண்டும்.

3. தொனிக் குமிழின் பின்புறம் மூன்று கால்கள் இருக்கும். இரண்டு ஓரக் கால்களிலிருந்தும் செல்லும் கம்பிகளைப் பின்தொடருங்கள். ஒரு பக்கம் 39 கிலோ ஓம் தடையி இருக்கும். அதன் நிறப் பட்டைகள் செம்மஞ்சள், வெள்ளை, செம்மஞ்சள். மறுபக்கம் 22 கிலோ ஓம் தடையி இருக்கும். சிவப்பு, சிவப்பு, செம்மஞ்சள். இந்த 22 இன் பக்கத்தில் நிற்கும் சிறு கொள்ளளவியே நாம் தேடுவது. அதில் பொதுவாக 392 அல்லது 402 என்று எழுதியிருக்கும். பிரதிகளில் அளவுகள் சற்று மாறலாம், அமைப்பு மாறாது.

4. 682 என்று எழுதப்பட்ட கொள்ளளவியை, அதாவது 6.8 நானோஃபரட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். உடனே பற்றாசு பிடிக்க வேண்டாம். இரண்டு முதலைக் கவ்விகளால் பழைய கொள்ளளவியின் இரு கால்களோடும் இதன் கால்களைத் தற்காலிகமாக இணையுங்கள். வேறு எதிலும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. பற்றரியை மாட்டி வாசித்துப் பாருங்கள். கவ்வியைக் கழற்றியும் மாட்டியும் மாறி மாறிக் கேளுங்கள். பிடித்தால் மட்டும் பற்றரியை மீண்டும் கழற்றிப் பற்றாசு பிடியுங்கள். பிடிக்காவிட்டால் எடுத்துவிடுங்கள், பெட்டி முன்னிருந்தபடியே இருக்கும்.

கணக்கில் ஆர்வமுள்ள பாடசாலைப் பிள்ளைகள் இதனைத் தாமே சோதிக்கலாம். தடையியின் ஓம் அளவையும் கொள்ளளவியின் ஃபரட் அளவையும் பெருக்கி, மீண்டும் 6.28 ஆற் பெருக்க வேண்டும். 1 ஐ வரும் விடையால் வகுத்தால் எல்லை மீடிறன் ஹேர்ட்ஸில் கிடைக்கும். பாடப் புத்தகத்துத் தடையியும் கொள்ளளவியும் அண்ணனின் கிற்றாருக்குள் இருக்கின்றன என்று காணும் பிள்ளைக்கு அப்பாடம் மறக்காது.

தனியறையில் தீர்ப்பு வேண்டாம்

பலர் தனியே அமர்ந்து வாசித்து ஒலியைத் தெரிவு செய்கின்றனர். தனியே கேட்கும்போது நடுவில் பள்ளமுள்ள ஒலி பிரமாண்டமாகத் தோன்றும். தப்பு, மேளம், குரல் ஆகியவை சேர்ந்ததும்தான் அதன் வெறுமை தெரியும். ஆகவே முழுக் குழுவும் வாசிக்கும்போது, ஒருவரை மண்டபத்தின் கடைசிவரை அனுப்பிக் கேட்கச் செய்யுங்கள். குத்தல் இருக்கின்றதா என்று பாட்டிமாரிடம் கேளுங்கள். பாட்டு விளங்குகின்றதா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

நடுத்தொனி கூடியதும் கிற்றார் முன்னரை விட எடுப்பாகக் கேட்கும். எனவே ஒலியளவுக் குமிழைச் சற்றுக் குறைத்து வைக்கலாம். பலகைச் சுவர் வீடுகளில் இதுவே பெரிய இலாபம். குறைந்த சத்தத்திலும் வாசிப்பது தெளிவாகக் கேட்கும்.

பெட்டியைத் திறக்குமுன்

எல்லாக் குத்தலுக்கும் கொள்ளளவி காரணமல்ல. செலவில்லாத வழிகளை முதலில் பாருங்கள்.

கிற்றாரிலேயே ஒரு தொனிக் குமிழ் உண்டு. அதனைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். பற்றரி களைத்திருந்தால் புதியதை மாட்டிக் கேளுங்கள். கோயில் திருவிழாக்களில் மரத்தில் கட்டும் குழல் ஒலிபெருக்கியோடு கிற்றாரை இணைப்பதுண்டு. அக்குழல் பேச்சைத் தூரத்துக்கு எறிவதற்காக அமைக்கப்பட்டது. கீழ்த்தொனியை அதனால் தர இயலாது. எந்தப் பெடலும் அதில் கடுமையாகவே கேட்கும். இயன்றால் பெட்டி ஒலிபெருக்கியைப் பாவியுங்கள்.

பழைய ஃபஸ் ஃபேஸ் வகையில் தொனிக் குமிழே இல்லை. எனவே இங்கே கூறிய வழி அதற்குப் பொருந்தாது. அவ்வகையின் முதற் பெட்டிகளில் ஜேர்மானியம் திரான்சிற்றர்கள் இருந்தன. இவை வெப்பநிலைக்கேற்ப மாறும் தன்மையுடையவை. மலையுச்சிக் குளிரில் ஒரு விதமாகவும், பள்ளத்து வெயிலில் வேறு விதமாகவும் ஒலிக்கும். இதனைப் பழுதென்று எண்ணிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள்

பெடல் 9 வோல்ற்று பற்றரியில் இயங்குவது. அதைத் திறப்பதில் உயிராபத்தில்லை. ஆனால் விரியலாக்கி, அதாவது இளைஞர்கள் ‘அம்ப்’ என்று சொல்லும் கருவி, 230 வோல்ற்று மின்சாரத்தில் இயங்குகின்றது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் அதனுள்ளே உள்ள பெரிய கொள்ளளவிகள் மின்னைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். பயிற்சி பெறாதவர்கள் அதனை ஒருபோதும் திறக்கலாகாது. மழையில் நனைந்த கருவிகளை நன்கு உலர்ந்து, தெரிந்தவர் பார்த்த பின்னரே மின்சாரத்தோடு இணைக்க வேண்டும்.

பற்றாசுக் கம்பியில் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கும். கதவு யன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். வேலை முடிந்ததும் சாப்பாட்டில் கை வைக்குமுன் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். சமைக்கும் இடத்திலும் சின்னப் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் இவ்வேலை கூடாது.

அடுத்த கைக்காக

இடம்பெயரும்போது அலுமாரியும் கட்டிலும் எம்மோடு வருவதில்லை. கைவேலை மட்டும் எந்தப் பாரவூர்தியும் இல்லாமலே கூட வருகின்றது. இன்று பெடலுக்குள் ஒரு கொள்ளளவியைச் சரியாக இணைத்த பிள்ளை, நாளை பழைய வானொலியையும் கைவிளக்கையும் திறந்து பார்க்கத் துணிவான். பெண்பிள்ளைகளையும் இவ்வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழுந்தெடுத்துப் பழகிய கைகளின் நுண்மைக்கு இது கடினமானதல்ல.

வேலை முடிந்ததும் ஒரு சிறு கடதாசித் துண்டில் எந்தக் கொள்ளளவியோடு எந்த அளவைச் சேர்த்தீர்கள், எந்தத் திகதியில் சேர்த்தீர்கள் என்று எழுதி, மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். பெட்டி பல கைகள் மாறும். அடுத்து அதனைத் திறப்பவர் இன்னொரு தோட்டத்து இளைஞராக இருக்கலாம். நீங்கள் செய்ததை அவர் வாசித்து விளங்கிக்கொண்டு, அங்கிருந்து மேலே தொடரட்டும்.